குகைக்கு எழுதிய மனு

ஒரு காட்டில் ஒரு குகை இருந்தது. குறையை மனுவாக எழுதி அதன் வாசலில் வைத்தால், மறுநாள் அங்கே தானியம் இருக்கும். உள்ளே இருப்பது யார் என்று எவரும் பார்த்ததில்லை.

பொதுச்சேவை செய்கிறவர்களுக்கு மனு எழுதக் கற்றுத்தர, மைனா ஒரு சங்கம் நடத்தியது. கூலி வாங்காது. தன்னிடம் படித்தவர்களின் மனு ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று அதற்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தாயில்லாக் குஞ்சுகளை வளர்க்கும் அணில் ஒருநாள் வந்தது.

"பசிக்குதுன்னு எழுதியிருக்கேன், மைனாக்கா."

"பசி யாருக்குத்தான் இல்ல? குஞ்சுங்க எதுக்குமே கண் தெரியாதுன்னு போடு. கல்லும் கரையும்."

"ஐயோ, நல்லாத் தெரியுதே!"

"குகை என்ன, வந்து பாக்கவா போகுது?"

மறுநாள் மூட்டை மூட்டையாகக் கம்பு கிடைத்தது. அணில் அழுதுகொண்டே மைனாவிடம் ஓடி வந்தது.

"அக்கா, குஞ்சுங்க கம்பு மேலயே நடக்குதுங்க. கம்பு எங்கேன்னு கேக்குதுங்க."

மைனா குகைக்குப் பறந்தது. 'குஞ்சுகளுக்குக் கண் தெரியும். ஒரு குறையும் இல்லை' என்று அவசரமாக எழுதிக் குகை வாசலில் வைத்தது.

அதுவரை பேசாத குகை பேசியது. குரலில் கோபமே இல்லை.

"குறை சொல்லாத மனுவை நான் எடுப்பதில்லை, மைனா. அவர்களுக்குக் கண் தெரியும் என்றால், தெரியாதது யாருக்கு என்று எழுது."

மைனா திரும்பி, வெயிலில் மினுங்கிய இலைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டது. பிறகு குனிந்து தன் பெயரை எழுதியது.