லாரி வரும் வரை

ஜப்பான்காரன் ரப்பர் தோட்டத்தை இழுத்து மூடப்போகிறான் என்றதும் அய்யாவு மூட்டை கட்டினான்.

"யான் கிராமத்துக்கு ஓடிடலாம் புள்ள. வயல் வேலையாவது கிடைக்கும்."

அவன் மனைவி மருதம்மாள் கேட்கவில்லை. பங்களாவுக்குப் போய் அதிகாரியின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் பல் தெறித்தது. உடும்புப் பிடியை அவள் விடவில்லை.

வாயெல்லாம் ரத்தத்தோடு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து கத்தினாள்: "தோட்டத்த மூடலையாம்! ஒரு மாசத்துக்கு அரிசி தர்றானாம்! யாரும் ஓடாதீங்க!"

லயமே மூட்டையை அவிழ்த்தது.

மாதம் முடிகையில் லாரிகள் வந்தன. அடுத்த மாத அரிசி என்று சாக்கோடு ஓடினாள். எல்லாம் காலி லாரி. அய்யாவு உட்பட ஆண்களை அடித்து ஏற்றினார்கள்.

"அரிசி எங்கய்யா?" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் சட்டையைப் பிடித்தாள்.

"சயாம்ல ரயில் ரோடு போட ஆள் வேணுமாம். லாரி வர்ற வரைக்கும் யாரும் ஓடிடக் கூடாதுன்னுதான் அரிசி போட்டான், மருதம்மா."