பொந்துக்குள் கேட்ட கதை

நல்ல கதை ஒன்றைக் குயில் கெடுத்தது.

பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் உட்கார்ந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு அடைகாத்தது. அந்தப் பறவைகளின் வழக்கம் அப்படி. அலகு நுழையும் அளவுக்குத்தான் இடுக்கு விட்டிருந்தது. இருட்டு சலித்துப்போய், அந்த மண்சுவரையே அது கொத்த ஆரம்பித்தது. சுவர் உடைந்தால் முட்டை தனக்கு என்று கீழே உடும்பு காத்திருந்தது.

அதன் சலிப்பைப் போக்கக் கதை சொல்ல, ஆண் இருவாச்சி குயிலைக் கூட்டிவந்தது. மான்குட்டி வெள்ளத்தில் விழுந்ததையும் குயில் தாலாட்டு மாதிரியே இழுத்தது.

"குரல் தேன்தான், போ. குட்டி பிழைச்சுதா?" என்றது பெண் இருவாச்சி.

"அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்!"

"எனக்கு உன் குரல் மட்டும்தான் கேட்டுது" என்று பெண் இருவாச்சி மறுபடி சுவரைக் கொத்தியது.

குயில் கோபித்துக்கொண்டு பறந்தது. தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு, ரம்பம் அறுக்கிற குரலில் ஆண் இருவாச்சி கதையைத் தொடர்ந்தது. ஒரு வரி சொல்லும். ஒரு பழத்தைக் கக்கி ஊட்டும். பிறகுதான் அடுத்த வரி.

"குட்டி முங்கிடுச்சு..."

இடுக்கு வழியே பழம் நீண்டது.

"பழம் கிடக்கட்டும், அப்புறம் என்னாச்சு? சொல்லுய்யா!"

கேட்டுக்கொண்டே பெண் இருவாச்சி, தான் கொத்திய விரிசலுக்கு உள்ளிருந்து மண் பூசியது. உடும்பு நடையைக் கட்டியது. முட்டையைக் காப்பாற்றியது அந்தக் கரகரத்த புருஷன்.