மொட்டைக் கொய்யா மரம்

"மறுபடியும் மரத்தை மொட்டையடிச்சுட்டாருங்க அந்த மீசை!"

மேப் அக்கா சோபாவுல பொத்துன்னு உக்காந்தாங்க.

எந்தத் தெருவுல என்ன பழ மரம் இருக்குன்னு ஜனங்களே போட்டோ எடுத்து போன் மேப்புல ஏத்துறாங்கல்ல, அந்தக் குரூப்புக்கு அக்காதான் தலைவி. அக்கா எடுத்து ஏத்தின பின் தெரு கொய்யா போட்டோவுக்குக் குரூப்பே கைதட்டிச்சு.

"ரிட்டயர்டு ஆபீசராம்! ஊருக்கே பொதுவான கொய்யாவை ஒத்த ஆளா வழிச்சுட்டுப் போறாரு. 'அது வந்தும்மா... வந்து...'ன்னு நேத்து குரூப் கால்ல இழுத்தாரு. குரூப்பை விட்டே தூக்கிட்டேன்!"

மீசை மாதிரியே செருமி வேற காட்டினாங்க. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

"சரி, குட்டி எங்க?"ன்னு அக்கா மகளைத் தேடினாங்க.

"உள்ளதானே..."

உள்ள இல்ல. மாடியில இல்ல. வாசல்ல செருப்பும் இல்ல.

எதிர் வீட்டுப் பொண்ணு எட்டிப் பாத்தா. "கொய்யா மரத்துல ஏறப் போறேன்னு போனாளே ஆன்ட்டி. மேப்புல பாத்தாளாம்."

ஸ்டூல் மேல ஏறினாலே இறங்கத் தெரியாம அழற புள்ள அது! அக்கா வெறுங்காலோட ஓடினாங்க. பின்னாடியே வீட்டுக்காரர், கையில கரண்டியோட.

குட்டி கீழதான் நின்னா. ரெண்டு கையிலயும் கொய்யா, மூஞ்சி மட்டும் உர்ருன்னு. பக்கத்துல மூங்கில் கம்போட மீசை.

"மேல பழமே இல்லம்மா! ஏறி என்ன பண்றது?"

அக்காவுக்குப் போன உசிரு வந்துச்சு. கூடவே கோவமும். "புள்ளைங்க பழத்துல கை வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

மீசை கம்பால மேல காட்டினார். "கொஞ்சம் அண்ணாந்து பாரும்மா."

இலைக்கு நடுவுல ரெண்டு கரண்ட் கம்பி, கிளையை உரசிக்கிட்டு.

"பழம் இருந்தா புள்ளைங்க ஏறும். அதான் விடியும்போதே பறிச்சு, வர்ற புள்ளைங்களுக்குக் கையில குடுத்துடறேன். கரண்ட் ஆபீசுக்கும் நடையா நடக்கறேன், ஆள் வரல. குரூப்புல சொல்ல வாயெடுத்தேன். முடிக்கறதுக்குள்ள தூக்கிட்டீங்க."

அக்கா குட்டியை இழுத்து இறுக்கிக்கிட்டாங்க. "எனக்குக் கம்பி... கவனிக்கவே இல்ல சார்."

குட்டி அம்மாவை நிமிர்ந்து பாத்தா.

"பொய் சொல்ற! கம்பி தெரிஞ்சா போட்டோ அசிங்கமா இருக்குன்னு நீதானேம்மா போன்ல கம்பியை மட்டும் அழிச்ச?"