பாதி மூச்சு

"மூச்சை இழுங்க... அப்படியே நிறுத்துங்க."

ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்தவர் மூன்றாவது தடவையும் பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டார். வயிற்றுப் படம் கலங்கலாக வந்தது.

"உனக்குப் படம் எடுக்கவே தெரியலை" என்று உள்ளிருந்தபடியே எரிந்து விழுந்தார்.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூச்சை விட்டது நீங்க. திட்டு எனக்கா?"

"அந்தப் புது சாஃப்ட்வேரைப் போடேன்."

அதைப் போட்டால் பாதி மூச்சு போதும். அவசரமாக எடுத்த படத்தையும் கம்ப்யூட்டர் தெளிவாக்கிவிடும்.

"போடக்கூடாதுன்னு பெரிய டாக்டர் உத்தரவு. அது கம்ப்யூட்டர் கற்பனை பண்ற படமாம்."

அவள் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நேத்து ஒரு அம்மா இதே மாதிரி மூச்சு முட்டி அழுதாங்க. நானும் பெரிய டாக்டர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன், அவர் மசியலை. நோயாளியை அடக்கத் தெரியலைன்னு எல்லார் முன்னாலயும் என்னைக் கிழிச்சார். அந்த அம்மா இன்னிக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளியே உட்கார்ந்திருக்காங்க."

"வலி உயிர் போகுதும்மா. போட்டுத் தொலை."

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"உங்களுக்கு மட்டுமா, அந்த அம்மாவுக்கும் சேர்த்தா? உத்தரவு போட்டது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க டாக்டர்."