மனுவின் படகில் எத்தனை யானை?

"இதெல்லாம் நடக்கிற காரியமா, டீச்சர்? ஒரே படகுல உலகத்து உயிரெல்லாம் ஏறுச்சாம்! பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதீங்க!"

மகேஸ்வரன் போட்ட சத்தத்தில் ஏழு பிள்ளைகளும் நடுங்கிப்போனார்கள்.

செல்வராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சமய வகுப்பு டீச்சர். ரெங்கம் ஊரில் ஒரு கடைவரிசையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. காலையில் ஆரம்பிக்கும்போது ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பதினோரு மணிக்குக் கீழே இருந்த கடையே முங்கிவிட்டது.

மாடியில் ஏறி நின்ற அக்கம்பக்கத்து ஜனங்களைத் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவின் படகு நடை நடையாகக் கொண்டுபோனது. கடைசி நடையில் ஐந்து பேர். அதில் கஸ்தூரியும் அவள் கைக்குழந்தையும், யாரோ ஒரு கர்ப்பிணியும். அவளுடைய மூத்த பிள்ளைகள் ரூபினியும் தீபனும் இங்கேதான் இருந்தார்கள்.

"சின்னப் பிள்ளைங்க சைஸ்ல லைஃப் ஜாக்கெட் இல்ல. அடுத்த நடைக்கு எடுத்துக்கிட்டு வர்றோம்" என்று படகுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

துணைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று, பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இந்த மகேஸ்வரன் தங்கிக்கொண்டார். சிங்கப்பூரில் ஏதோ எஞ்சினியராம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் மாடியைத் தொட இன்னும் ஆறு படிதான் பாக்கி. பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் செல்வராணி மச்ச அவதாரக் கதையை எடுத்தாள். பிரளயம் வந்தது, மனு படகு கட்டினார், விதையும் உயிரும் ஏற்றினார், பெரிய மீன் இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லி, இப்போதுதான் அழுகை அடங்கியிருந்தது. அதுவரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று திரும்பிப் பாய்கிறார்.

"சார், பிள்ளைங்க பயந்துபோய் இருக்குதுங்க. இப்பவா உங்க விவாதம்?"

அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையிடம் போய் மார்க்கரை எடுத்தார்.

"எல்லாரும் இங்க வாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம! பலகையப் பார்த்து உக்காருங்க. படகு எவ்வளவு நீளம்? சொல்லுங்க."

"நூறு அடி!" என்றான் தீபன்.

"சரி. யானை எத்தனை?"

"ரெண்டு!"

"ஒரு யானை ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோ தின்னும். பிரளயம் நாப்பது நாள்னு வச்சுக்க. தீனிய எங்க வைப்பீங்க?"

சின்னது ஒன்று விசும்பியது. நெஞ்சில் ஈரமே இல்லாத ஆள் என்று செல்வராணி பல்லைக் கடித்தாள்.

"யானைக்குட்டிய ஏத்தினா போதும்லா, அங்கிள்!" என்று கத்தினாள் ரூபினி.

"குட்டிக்குப் பால் யாரு குடுப்பா?"

"மாடு!"

"அப்ப மாட்டுக்குப் புல்லு? விதை நனைஞ்சா படகிலேயே முளைச்சிடுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

பிள்ளைகள் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். அவர் விடுவதாக இல்லை. ஆனால் அவர் கேள்வி கேட்பது பிள்ளைகளிடம், கண்ணெல்லாம் ஜன்னலில்.

அப்படி என்ன பார்க்கிறார்? பலகையோரம் நின்றிருந்த செல்வராணி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தூரத்தில், செம்பனை மரத் தோட்டத்து ஓரமாக, பொம்பாவின் ஆரஞ்சுப் படகு. எஞ்சின் நின்றுபோயிருந்தது. வெள்ளம் அதைச் சுழற்றிக் கொண்டுபோய் மரங்களில் மோதியது. ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. யாரோ படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

கஸ்தூரியா? கைக்குழந்தை எங்கே?

அவளுக்கு வாய்வரை வந்த அலறலை மகேஸ்வரனின் குரல் தடுத்தது.

"டீச்சர்! நீங்க சொல்லுங்க. படகை மீனோட கட்டினது பாம்புன்னு சொன்னீங்களே. அவ்வளவு வெள்ளத்துல அந்தக் கயிறு அறுந்துடாதா?"

ஏழு முகங்களும் அவளைப் பார்த்தன. ரூபினியின் முகமும்.

"அறாது, சார்." அவள் ரூபினியைப் பார்த்தே சொன்னாள். "அறவே அறாது."

"எப்படி நம்பறது?"

"அது... அது வாசுகி, சார். மலையையே கட்டி இழுத்த பாம்பு. படகை விட்டுடுமா?"

"ஆமா! விடாது!" என்று பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள்.

அப்புறம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சண்டை போட்டார்கள். அவர் இல்லை என்றார், அவள் உண்டு என்றாள். தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறியது. ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே வேறொரு படகின் சத்தம். சின்ன ஜாக்கெட்டுகளோடு ஏறிவந்த பொம்பாக்காரரிடம் செல்வராணி கண்ணாலேயே கேட்டாள்.

"எல்லாரையும் தூக்கிட்டோம், டீச்சர். பேபியும் ஓகே."

மகேஸ்வரன் பலகையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நிவாரண மையம் ஒரு பள்ளி மண்டபத்தில். கஸ்தூரி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை ஓய்ந்த பிறகு, செல்வராணி ஒரு கப் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு மகேஸ்வரனைத் தேடிப் போனாள். மனசுக்குள் திட்டியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவர் மூலையில் மண்டியிட்டிருந்தார். முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண், நனைந்த தலையோடு, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் பாதங்களை அவர் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

"படகு சாஞ்சப்ப தண்ணிக்குள்ள விழுந்துட்டேங்க. விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே அந்த மாடியத்தான் பார்த்தேன். நானும் வயித்துல நம்ம பிள்ளையும் படுற பாட்டை நீங்க ஜன்னல்ல நின்னு பார்த்துத் துடிச்சுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா" என்றார் மகேஸ்வரன். "பிள்ளைங்களோட கதை பேசிக்கிட்டு இருந்தேன். ஜன்னல் பக்கமே நான் திரும்பல."