பெருக்காத கூடம்

வெளியூர் போனவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எங்கள் வீட்டில் பெருக்குவதில்லை. அண்ணன் நெடுமாறன் சரக்கு விமானத்தில் வேலை பார்த்தான். ஒவ்வொரு முறையும், "இறங்கிட்டேன், பெருக்கிக்கோ" என்று அண்ணிக்கு போன் செய்வான்.

இம்முறை விமானம் தரையிறங்க வரும்போது, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் கடலில் விழுந்தது. அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. ஷோபனா அண்ணி துடைப்பத்தைத் தொடவில்லை.

கூடத்தில் தூசி படிந்தது. ஒரு காலையில் வாசற்படிக்கு உள்ளே ஒரு கால்தடம் இருந்தது. மறுநாள் அதற்கு முன்னால் இன்னொன்று. இடதுகாலில் சுண்டுவிரல் பதியவில்லை. அண்ணனுக்கு அந்த விரல் கிடையாது. நாங்கள் சுவரோரமாக நடந்தோம்.

அண்ணன் படுக்கும் கட்டிலுக்கு ஓரடி முன்னால் தடங்கள் நின்றுவிட்டன. அதன்பின் புதிதாக எதுவும் பதியவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் பெரியம்மா ராஜாம்பாள் வந்தார்.

"இன்னாடி இது, வூடா களத்துமேடா? காலையில நானே கழுவி வுட்டுடறேன்."

"அவரு இன்னும் இறங்கலை அத்தை" என்றாள் அண்ணி.

"பைத்தியம் மாதிரி பேசாத."

பெரியம்மா போனதும் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பக்கம் புடி." இருவரும் கட்டிலைத் தூக்கி, கடைசித் தடத்தை ஒட்டி வைத்தோம். அதில் யாரும் படுக்கவில்லை.

விடிந்ததும் பெரியம்மா துடைப்பத்தோடு வந்தார். கட்டில் விரிப்பு நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எங்கள் ஊரான செஞ்சியில் கடல் இல்லை.

"குடுங்க அத்தை" என்று அண்ணி கை நீட்டினாள். "நானே பெருக்கறேன்."