கரகர சத்தம்

வரப்பிலிருந்த ஒரு வளையில் தவளையும் நண்டும் சேர்ந்து குடியிருந்தன. வளையின் அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். அது போதும் தவளைக்கு.

ஆனால் நண்டு பொழுதெல்லாம் கரகரவென்று மண்ணைத் தோண்டும். தவளைக்கு எரிச்சல். வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. நண்டு தோண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே உரக்கக் கத்தியது.

ஒருநாள் நண்டு, "உனக்கு நான் இடைஞ்சல் போல. வேற இடம் பாத்துக்கறேன்" என்றது.

"போயேன்" என்றது தவளை.

கோடை முற்றியது. வளை காய்ந்தது. இறங்கிக்கொண்டே போன தண்ணீரைத் தொட்டுவிடத்தான் நண்டு அத்தனை நாளும் தோண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தவளைக்கு உறைத்தது.

வெளியே தலைநீட்டி, "நண்டண்ணே!" என்று கத்திப் பார்த்தது. உள்ளே வந்து, மெத்தென்ற விரல்களால் தரையைக் கீறியது.

சத்தமே வரவில்லை.